பன்னிரண்டு லட்சத்துக்கு இவ்வளவு கேள்வி, இருநூறு பில்லியனுக்கு ஒண்டுமில்லையோ?

மானிப்பாயான், 2025 ஜூன் 3

காணி வித்த காசு 12 லட்சத்தை வங்கியில போடப் போனால் எங்கால வந்தது, ஆர் தந்தது, உறுதி எங்கை எண்டு அரைமணித்தியாலம் விசாரணை. வெளிநாட்டில பெரிய வங்கியள் போதைவஸ்துக் காசையும் களவுக் காசையும் பில்லியன் கணக்கில கழுவிக் குடுத்திருக்கு. அவையளை ஒருத்தரும் கேக்கேல்லை. உந்தப் படிவமெல்லாம் எளியவனை உருட்டத்தான் எண்டு நான் சொல்லுறன். மறுக்கிற ஆக்கள் மறுக்கலாம்.

கணக்குப்பிள்ளை, 2025 ஜூன் 3, இரவு

பாதி சரி, பாதி பிழை.

பிழையை முதல் பாப்பம். 10 லட்சம் ரூபாய் எல்லையைத் தாண்டின காசுக் கொடுக்கல்வாங்கலை வங்கி மத்திய வங்கியின்ர நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேணும். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வந்த கடமை அது. கணக்குக்குக் கணக்கு மாறுற இலத்திரனியல் காசுக்கும் அதே எல்லைதான். உங்களைக் கள்ளன் எண்டு சொல்லி அனுப்பிற கடிதம் இல்லை, தானாப் போற பட்டியல். சந்தேக அறிக்கை எண்டது வேறை. அதுக்கு எல்லைத் தொகை கிடையாது. 50,000 ரூபாயிலயும் சந்தேகம் வரலாம். வந்தால் 2 வேலைநாளுக்குள்ள எழுத வேணும்.

கேள்விக்குப் பயந்து கன பேர் செய்யிற வேலை, 12 லட்சத்தை 4, 4, 4 எண்டு பிரிச்சு மூண்டு நாளில மூண்டு கிளையில போடுறது. அதைவிடப் பிழையான வேலை இல்லை. 12 லட்சத்தை ஒரேயடியாப் போட்டால் பட்டியலில ஒரு வரி. மூண்டாப் பிரிச்சால், காணி வித்த நேர்மையான மனுசன் போதைவஸ்து வியாபாரியின்ர முறையைக் கையாண்டவராத் திரையில தெரிவார். வங்கியின்ர கொம்பியூட்டர் கிளையைப் பாக்காது, உங்கட அடையாள அட்டை இலக்கத்தைத்தான் பாக்கும்.

இனிச் சரியான பாதி. பெரிய வங்கியள் கழுவினது உண்மை. ஆனால் "ஒருத்தரும் கேக்கேல்லை" எண்டது உண்மை இல்லை. எனக்குத் தெரிஞ்ச பெரிய விவகாரங்களில அனேகமா எல்லாத்திலயும் வங்கிக்குள்ளயே ஒராள் கேட்டிருக்கிறார். கேட்டவரை என்ன செய்தவை எண்டதிலதான் கதை இருக்கு. நாளைக்கு டென்மார்க்கை எழுதுறன்.

கணக்குப்பிள்ளை, 2025 ஜூன் 4

டான்ஸ்கே வங்கி. டென்மார்க்கின்ர மிகப் பெரிய வங்கி. 2007இல பின்லாந்தின்ர சம்போ வங்கியை வாங்கேக்க, எஸ்தோனியாவில தலின் நகரத்தில இருந்த ஒரு சின்னக் கிளையும் சேர்ந்து வந்தது. அந்தக் கிளைக்கு "வதியாதோர்" எண்டு ஒரு தனிப் பகுதி. வாடிக்கையாளர் ரஷ்யாவிலயும் மற்ற முன்னாள் சோவியத் நாடுகளிலயும், கொம்பனி பிரிட்டனில பதிவு, பங்காளிகள் சீஷெல்ஸ் தீவில, கணக்கு எஸ்தோனியாவில. ஏறக்குறைய 10,000 வாடிக்கையாளர். 2007 தொடக்கம் 2015 வரை அதுக்குள்ளால போன அழுக்குக் காசு 200 பில்லியன் யூரோ. அந்த நாட்டின்ர சனத்தொகை 13 லட்சம். ஒரு வருஷ மொத்த உற்பத்தியே அப்ப 20 பில்லியன் யூரோ அளவுதான்.

எப்பிடி நடந்தது?

முதலாவது, செலவைப் பாத்துத் தலைமையகத்தின்ர கொம்பியூட்டர் அமைப்போட அந்தக் கிளையை இணைக்கேல்லை. கிளையின்ர ஆவணங்கள் எஸ்தோனிய மொழியிலயும் ரஷ்ய மொழியிலயும். கொப்பன்ஹேகனில இருந்த ஆக்களுக்கு வாசிக்கவே ஏலாது. ஒரு கிளையைச் சொந்தமா வைச்சுக்கொண்டு அதுக்குள்ள என்ன நடக்குது எண்டு பாக்கிற கண்ணாடியை மட்டும் வாங்கேல்லை.

இரண்டாவது, பிரிட்டனின்ர வரையறுத்த பொறுப்புப் பங்குடைமை (எல்.எல்.பி. எண்டு பதியிற ஒருவகைக் கொம்பனி). பேர் லண்டன் விலாசத்தோட இருக்கிறதால பாக்க மரியாதையா இருக்கும். ஆனால் உள்ளுக்க உடம்பு இல்லை. கிளையில சந்தைப் பிரிவுக்குப் பொறுப்பா இருந்த ஹவார்ட் வில்கின்சன் இதில ஒண்டைத் தூக்கிப் பாத்தார். பிரிட்டன் கொம்பனிப் பதிவகத்தில சில்லறைக் காசு கட்டி அதின்ர கணக்கறிக்கையை எடுத்தார். அறிக்கையில "தொழிற்பாடு இல்லை" எண்டு போட்டிருக்கு, வங்கிக் கணக்கிலயோ காசு ஆறா ஓடுது. அவ்வளவுதான் துப்பறிவு. ஒரு பொதுப் பதிவேட்டைத் தங்கட பதிவேட்டோட ஒப்பிட்டுப் பாத்தது. 2013 டிசம்பரில தலைமையகத்துக்கு எழுதினார். திரும்பவும் எழுதினார். அடுத்த வருஷம் வேலையை விட்டுப் போட்டார்.

மூண்டாவது லாபம். அந்தச் சின்னக் கிளை, தன்ர அளவுக்குச் சம்பந்தமே இல்லாத லாபத்தை வருஷா வருஷம் அனுப்பிக்கொண்டிருந்தது. பத்துப் பரப்புத் தோட்டத்தில நூறு பரப்பு வெங்காயம் விளைஞ்சால் யாழ்ப்பாணத்தில எந்தக் கமக்காரனும் "எப்பிடி?" எண்டு கேப்பான். வங்கி மேலிடம் கேக்காமல் லாபத்தைப் பாராட்டிச்சு.

2018 செப்டெம்பரில விசாரணை அறிக்கை வந்தது, தலைமை அதிகாரி தோமஸ் போர்கன் பதவி விலகினார். 2022 டிசம்பரில அமெரிக்காவில வங்கி குற்றத்தை ஒத்துக்கொண்டு 2 பில்லியன் டொலருக்கு மேல கட்ட இணங்கிச்சு.

கணக்குப்பிள்ளை, 2025 ஜூன் 4, கொஞ்சம் பிந்தி

மேல எழுதினதில ஒரு பிழை. 200 பில்லியனையும் "அழுக்குக் காசு" எண்டு எழுதிப்போட்டன். அப்பிடி இல்லை. அந்தப் பகுதிக்குள்ளால ஓடின மொத்தத் தொகைதான் 200 பில்லியன். அதில பெரும் பங்கு சந்தேகத்துக்குரியது எண்டுதான் வங்கியே சொன்னது. எவ்வளவு எண்டு துல்லியமா ஒருத்தரும் பிரிச்சுக் காட்டேல்லை. தலைப்புச் செய்தியில ரண்டையும் ஒண்டாக்கிற பழக்கம் எனக்கும் தொத்திப்போட்டுது.

வேலணைக் கிழவன், 2025 ஜூன் 6

தம்பி, இது புதுக்கதையோ? எங்கட காலத்தில பி.சி.சி.ஐ. எண்டு ஒண்டு விழுந்தது ஞாபகம்.

கணக்குப்பிள்ளை, 2025 ஜூன் 6

சரியாச் சொன்னியள் ஐயா, ஆதியே அதுதான். ஆகா ஹசன் அபேதி எண்ட பாகிஸ்தான் வங்கியாளர் 1972இல தொடங்கின வங்கி அது. தாய்க் கொம்பனி லக்சம்பேர்க்கில, தொழில் நடத்தினது பெரும்பாலும் லண்டனிலயிருந்து, ஒரு பெரிய கிளைக் கொம்பனி கேமன் தீவில. கணக்காய்வையும் ரண்டாப் பிளந்து வைச்சவை. 1987 வரைக்கும் ஒரு கணக்காய்வாளர் லக்சம்பேர்க் பக்கம், இன்னொருத்தர் கேமன் பக்கம். ஒரு பக்கத்து நட்டத்தை மற்றப் பக்கம் தள்ளிவிட்டால் ரண்டு பேரும் முழுசாக் காணமாட்டினம். 1988இல புளோரிடாவில போதைவஸ்துக் காசு கழுவினதுக்கு ஆக்களைப் பிடிச்சவை. ஒரு பொய்க் கலியாணத்துக்கு அழைப்பு அனுப்பிக் கூப்பிட்டுப் பிடிச்சது (முசுப்பாத்தி இல்லை, உண்மையா). 1990இல வங்கி குற்றத்தை ஒத்துக்கொண்டது. அதுக்குப் பிறகும் 1991 ஜூலை 5 வரைக்கும் கதவு திறந்துதான் இருந்தது. ஒவ்வொரு நாட்டு மேற்பார்வையாளரும் "தலைமையகம் எங்களிட்ட இல்லை" எண்டு மற்றவரைக் காட்டினதால வந்த சீரழிவு. ஒரு வங்கிக் குழுமத்துக்கு ஒரு நாடு முழுப்பொறுப்பு எடுக்க வேணும் எண்டு பாசல் குழு (பல நாட்டு வங்கி மேற்பார்வையாளரின்ர கூட்டு) 1992இல கொண்டுவந்த விதி இதுக்குப் பிறகுதான்.

அது விளங்கின பிறகும் தலினில அதே பிளவு. கிளை எஸ்தோனியாவில, தாய் வங்கி டென்மார்க்கில.

கொக்குவில் பொடியன், 2025 ஜூன் 9

அண்ணை, இப்ப எல்லாம் காசு வைப்பு மெசின்தானே. ஆள் இல்லை, கேள்வி இல்லை. கள்ளனுக்கு நல்ல வசதி?

கணக்குப்பிள்ளை, 2025 ஜூன் 9

வசதிதான். ஒஸ்ரேலியாவில நடந்ததைப் பாருங்கோ. கொமன்வெல்த் வங்கி 2012இல கெட்டிக்கார வைப்பு மெசின்களை இறக்கிச்சு. ஒருமுறைக்கு 200 தாள் போடலாம். நூறு டொலர்த் தாள் எண்டால் 20,000 டொலர். அங்கத்தையச் சட்டப்படி 10,000 டொலரோ அதுக்கு மேலயோ வாற காசு வைப்பை அறிவிக்க வேணும். அறிக்கையை மனிசர் எழுதிறேல்லை, கொடுக்கல்வாங்கலின்ர குறியீட்டு எண்ணைப் பாத்துக் கொம்பியூட்டர் எழுதும். புது மெசினுக்குக் குடுத்த குறியீட்டு எண் ஒண்டை அறிக்கை எழுதிற பட்டியலில சேர்க்க மறந்துபோச்சினம். அதால 53,506 அறிக்கை நேரத்துக்குப் போகேல்லை, ஏறத்தாழ மூண்டு வருஷமா. 2018இல 700 மில்லியன் ஒஸ்ரேலிய டொலர் தண்டம்.

தங்கட பட்டியலில ஒரு வரி விடுபட்டதை ஆரும் மூண்டு வருஷம் கவனிக்காதது எப்பிடி? மெசின் வந்தபிறகு வைப்புத் தொகை ஏறுது, அறிக்கை எண்ணிக்கை ஏறேல்லை. இந்த ரண்டு எண்ணையும் மாசத்துக்கு ஒருக்கா பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்திருந்தால் போதும். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில வரிசையா நிக்கிற கிளையள் எதிலயாவது வேலை செய்யிற பொடியள் இதை வாசிச்சால், உங்கட மெசின் வைப்பும் அறிக்கைக் கோப்பும் ஒத்துப்போகுதோ எண்டு கேட்டுப் பாருங்கோ. கேட்டால் திட்டமாட்டினம். திட்டினால் அதுவும் ஒரு தகவல்.

கணக்குப்பிள்ளை, 2025 ஜூன் 12

இனி எங்கட நாட்டுப் பேர் வந்த கதை. 2016 பெப்ரவரி 4, வியாழன் இரவு. பங்களாதேஷ் மத்திய வங்கியின்ர சுவிஃப்ட் (வங்கியள் ஒண்டுக்கொண்டு காசுக் கட்டளை அனுப்பிற வலையமைப்பு) முனையத்துக்குள்ள புகுந்த ஆக்கள், நியூயோர்க் பெடரல் றிசேர்வ் வங்கியில இருந்த அதின்ர கணக்கிலயிருந்து காசு அனுப்பச் சொல்லி 35 கட்டளை போட்டவை. கூட்டினால் ஏறக்குறைய 951 மில்லியன் டொலர்.

நாள் பாத்த விதத்தைக் கவனியுங்கோ. டாக்காவில வெள்ளி, சனி லீவு. நியூயோர்க்கில சனி, ஞாயிறு லீவு. மணிலாவில திங்கள் சீனப் புதுவருஷ லீவு. ஒராள் முழிச்சிருக்கேக்க மற்றாள் நித்திரை. கட்டளைகளைத் தானா அச்சடிக்கிற பிறின்ரரையும் முடக்கிப்போட்டவை. அலுவலகத்தில ஆக்கள் பிறின்ரர் பழுது எண்டு நினைச்சவை, அது வழமைதானே.

35இல 5 போச்சுது. 81 மில்லியன் பிலிப்பைன்ஸ் ஆர்.சி.பி.சி. வங்கியின்ர ஒரு கிளையில இருந்த நாலு கணக்குக்கு. அந்தக் கணக்குகள் 2015 மேயில ஆளுக்கு 500 டொலர் போட்டுப் பொய் அடையாளத்தில திறந்து, அசையாமல் ஒன்பது மாசம் கிடந்தது. 2 மில்லியன் இலங்கைக்கு, ஷாலிகா ஃபவுண்டேஷன் எண்ட பேருக்கு. மிச்சம் 30 கட்டளையும் நிண்டதுக்குக் காரணத்தைக் கேட்டால் சிரிப்பியள். அந்த மணிலாக் கிளை இருந்த வீதியின்ர பேர் ஜூப்பிற்றர். அதே பேர் ஈரான் மேலான தடைப் பட்டியலிலயும் கிடந்தது. நியூயோர்க் கொம்பியூட்டர் அந்தச் சொல்லைக் கண்டு நிப்பாட்டி, மனிசர் திரும்பப் பாக்க வைச்சது. புத்தியால இல்லை, பேர் ராசியால.

இலங்கைப் பக்கம் நடந்ததுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. இடையில நிண்டு காசைக் கைமாத்திற இடைவங்கியா இருந்த ஜேர்மனியின்ர டொயிச்ச வங்கியில, "ஃபவுண்டேஷன்" எண்ட சொல் "ஃபண்டேஷன்" எண்டு எழுத்துப் பிழைச்சு வந்ததைக் கண்டு டாக்காவிடம் விளக்கம் கேட்டவை. கொழும்பில பான் ஏசியா வங்கியில, இந்த அளவு தொகை இந்த நாட்டில இப்பிடி ஒரு அமைப்புக்கு வாறது பொருந்தேல்லையே எண்டு ஒருத்தருக்குப் பட்டிருக்கு. காசு திரும்பிப் போச்சுது. மணிலாவிலயோ, நிப்பாட்டச் சொல்லித் தகவல் வந்த பிறகும் செவ்வாய்க்கிழமை காசை எடுக்க விட்டவை. அங்கையிருந்து சூதாட்ட விடுதிக்கு. சூதாட்ட விடுதியள் அப்ப பிலிப்பைன்ஸ் பணம் தூயதாக்கல் (காசு கழுவுறது) தடுப்புச் சட்டத்துக்குள்ள இல்லை. காசு சூதாட்டக் காய் ஆச்சுது, காய் திரும்பக் காசு ஆச்சுது, தடம் முடிஞ்சுது. 2017இலதான் சட்டத்தைத் திருத்தினவை.

சுன்னாகத்துச் சந்தி, 2025 ஜூன் 12

81உம் 2உம் கூட்டினால் 83. ஆனால் போனது 101 மில்லியன் எண்டு அப்பவே பேப்பரில வாசிச்ச ஞாபகம். 18 மில்லியன் எங்க அண்ணை? உங்கட கையிலயோ?

கணக்குப்பிள்ளை, 2025 ஜூன் 13

இலங்கைக்கு வந்தது 20 மில்லியன். ஒரு சைபரை விழுங்கிப்போட்டன். 81உம் 20உம் 101. எழுத்துப்பிழையைப் பற்றி எழுதின பதிவிலயே எழுத்துப்பிழை. உங்களை டொயிச்ச வங்கிக்குப் பரிந்துரை செய்யலாம் எண்டு நினைச்சன், ஆனால் அந்த வங்கியைப் பற்றி அடுத்த பதிவில எழுதப்போறன், வாசிச்சிட்டு முடிவெடுங்கோ.

கணக்குப்பிள்ளை, 2025 ஜூன் 15

டொயிச்ச வங்கியின்ர மொஸ்கோக் கிளை, 2011 தொடக்கம் 2015 வரை. மொஸ்கோவில ஒரு வாடிக்கையாளர் ரூபிள் குடுத்துப் பெரிய ரஷ்யக் கொம்பனிப் பங்குகளை வாங்குவார். அதே நாள் லண்டனில, பாக்கச் சம்பந்தமில்லாத இன்னொரு கொம்பனி அதே பங்கை அதே எண்ணிக்கையில வித்து டொலர் எடுக்கும். ரண்டுக்கும் பின்னால ஒரே ஆக்கள். பங்கு கண்ணாடியில விழுந்த உருவம் மாதிரி இஞ்சயும் அங்கயும். ரூபிள் நாட்டுக்குள்ளயே நிக்கும், டொலர் வெளியில பிறக்கும். இப்பிடி ஏறக்குறைய 10 பில்லியன் டொலர். ஒவ்வொரு சோடியிலயும் தரகுக் காசு நட்டம். நட்டத்துக்கே வருஷக்கணக்கா வியாபாரம் செய்யிற வாடிக்கையாளரைக் கண்டு ஆரும் யோசிக்கேல்லை. ஒரு கட்டத்தில மொஸ்கோவில சட்டம், ஒழுங்குவிதி, பணம் தூயதாக்கல் தடுப்பு மூண்டுக்கும் ஒரேயொரு சட்டத்தரணிதான் பொறுப்பு எண்டு நியூயோர்க் மேற்பார்வையாளரின்ர ஆணையில இருக்கு. 2017 ஜனவரியில நியூயோர்க்குக்கு 425 மில்லியன் டொலர், பிரிட்டனுக்கு 163 மில்லியன் பவுண் தண்டம்.

ஏன் இவ்வளவு விரிவா எழுதுறன் எண்டால், இதைப் புது வித்தை எண்டு உலகப் பத்திரிகையள் எழுதினவை. யாழ்ப்பாணத்தில சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச வித்தை. எங்கட உண்டியல்தான் இது. கனடாவில ஸ்காபரோவில மாமி டொலரைக் குடுப்பா, இஞ்ச வீட்டு வாசலுக்கு ரூபாய் வரும். டொலர் கடல் தாண்டிறேல்லை. பங்குக்குப் பதிலா நம்பிக்கை.

வேலணைக் கிழவன், 2025 ஜூன் 15

உண்டியலைக் கள்ளத்தோட சேர்க்காதையும் தம்பி. சண்டைக் காலத்தில வங்கி இல்லாத இடத்தில சனத்துக்குச் சோறு போட்டது அதுதான்.

கணக்குப்பிள்ளை, 2025 ஜூன் 16

சரி ஐயா, அந்தக் காலத்துக்கு நான் மறுப்புச் சொல்லேல்லை. 2022 தொடக்கத்திலயும் வங்கியள் டொலருக்கு 203 ரூபாயில கட்டி நிண்டதால சனம் உண்டியலுக்குப் போச்சு எண்டதும் விளங்குது. ஆனால் இண்டைக்கு அதின்ர மறுபக்கத்தை யோசிச்சுப் பாருங்கோ. மாமியின்ர டொலர் ஸ்காபரோ முகவரிட்ட நிக்குது. இஞ்சத்த முகவர் உங்களுக்கு ரூபாய் தரவேணும். அந்த ரூபாய் எங்கால? இஞ்ச ரூபாயை வைச்சுக்கொண்டு வெளியில டொலர் தேவைப்படுற ஆள் ஒருத்தர் தந்தது. அவர் பிள்ளைக்குப் படிப்புக் காசு அனுப்பிற தகப்பனாயும் இருக்கலாம், பெறுமதியைக் குறைச்சுப் பட்டியல் போட்டு இறக்குமதி செய்யிற வியாபாரியாயும் இருக்கலாம், கடலால பொதி இறக்கிறவராயும் இருக்கலாம். கடைசி ஆள் எண்டால், மாமி வேர்வை சிந்தி உழைச்ச சுத்தமான டொலர் அவற்ற வெளிநாட்டுச் சொத்தாப் போகுது, அவற்ற ரூபாய் உங்கட வீட்டு அலுமாரிக்கு வருது. நீங்கள் ரண்டு பேரும் ஒருநாளும் சந்திக்கிறேல்லை. பிறகு அந்த ரூபாயை வங்கியில போடப் போனால் கவுண்டரில கேக்கிற "எங்கால வந்தது" எண்ட கேள்விக்கு உங்களிட்ட ஒரு துண்டுத்தாளும் இல்லை. அதுக்கு மேல, உரிமமில்லாத ஆளோட வெளிநாட்டு நாணயம் மாத்திறது சட்டத்துக்கும் மாறு.

கொக்குவில் பொடியன், 2025 ஜூன் 20

மலேசியாக் கதையை விட்டிட்டியள்.

கணக்குப்பிள்ளை, 2025 ஜூன் 20

1எம்டிபி எண்ட மலேசிய அரச முதலீட்டு நிதியத்தின்ர கதை பெரிய கடல். ஒரேயொரு தந்திரத்தை மட்டும் சொல்லுறன், மிச்சம் எல்லாரும் எழுதினதுதான்.

அபுதாபியில ஆபார் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பி.ஜே.எஸ். எண்டு அரசுக்குச் சொந்தமான உண்மையான கொம்பனி ஒண்டு இருந்தது. பிரிட்டிஷ் வேர்ஜின் தீவில ஆபார் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பி.ஜே.எஸ். லிமிட்டெட் எண்டு இன்னொண்டைப் பதிஞ்சவை. ஒரு "லிமிட்டெட்"தான் வித்தியாசம். 2012இல அமெரிக்க முதலீட்டு வங்கி கோல்ட்மன் சாக்ஸ் 1எம்டிபிக்குத் திரட்டிக் குடுத்த கடன்பத்திரக் காசில ஒரு பில்லியனுக்கு மேற்பட்ட டொலர் இந்த இரண்டாவது பேருக்குத்தான் போச்சுது. கையெழுத்துப் போட்ட ஆக்களே உண்மையான கொம்பனியிலயும் பெரிய பதவியில இருந்ததால பாக்கிறவருக்கு எல்லாம் பொருந்தும்.

எங்கட ஊரில ஒரு ஒழுங்கையிலயே நாலு சிவகுமார் இருப்பினம். ஆரும் பேரை நம்பிக் காசு குடுக்கிறேல்லை, தகப்பன்ர பேர், முதலெழுத்து, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் பாப்பம். கொம்பனிக்கும் அதேதான்: பதிவு இலக்கம், பதிஞ்ச நாடு, கடைசி உரிமையாளர் ஆர். பேர் கடைசி.

மொத்தமா 4.5 பில்லியன் டொலர் திசைதிரும்பினதா அமெரிக்க நீதித் திணைக்களம் சொன்னது. 2016இல சிங்கப்பூர், பி.எஸ்.ஐ. எண்ட சுவிஸ் வங்கியின்ர உள்ளூர்க் கிளைக் கொம்பனியையே மூடி விட்டுது. தண்டம் மட்டும் இல்லை, பூட்டும். இந்த விசயத்தில சிங்கப்பூரை நான் மெச்சுறன். மலேசியாவின்ர முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2022 ஓகஸ்டில சிறைக்குப் போனார்.

யாழ்தேவி, 2025 ஜூன் 24

கனடா வங்கியள் எண்டால் சுத்தம் எண்டு என்ர தங்கச்சி அங்கயிருந்து சொல்லுறா.

கணக்குப்பிள்ளை, 2025 ஜூன் 24

தங்கச்சிக்குக் கனடாவின்ர ரி.டி. வங்கியின்ர 2024 ஒக்டோபர்ச் செய்தியைக் காட்டுங்கோ. அமெரிக்காவில இருக்கிற அதின்ர வங்கி, பணம் தூயதாக்கச் சதி செய்ததா நீதிமன்றத்தில ஒத்துக்கொண்டது. தண்டம் 3 பில்லியன் டொலருக்கு மேல. ஒரு கூட்டம் மட்டும் கிளையளுக்குள்ளால 470 மில்லியன் டொலர் ஓடவிட்டிருக்கு, ஊழியர்களுக்கு 57,000 டொலருக்கு மேல பெறுமதியான பரிசு அட்டைகளைக் குடுத்து. ஒரு நாளில அந்தக் கூட்டம் கொண்டுவந்த காசைப் பாத்த ஊழியர் ஒருத்தர், இது கழுவிறது இல்லாமல் வேறென்ன எண்டு கேக்க, மற்றவர் அதேதான் எண்டு எழுதியிருக்கிறார். கண்டவை. எழுதியும் வைச்சவை.

காரணம்? செலவுத் திட்டத்தை வருஷா வருஷம் கூட்டக்கூடாது எண்டு மேலிடம் வைச்ச விதி. அதால 2014 தொடக்கம் 2022 வரை கண்காணிப்பு மென்பொருளைப் பெரிசாத் தொடேல்லை. 2018 ஜனவரி தொடக்கம் 2024 ஏப்ரல் வரை கொடுக்கல்வாங்கல் தொகையில 92 சதவீதத்துக்குக் கண்காணிப்பே இல்லை.

கணக்குப்பிள்ளை, 2025 ஜூன் 25

ரி.டி. கதையில இன்னொரு துண்டு. ஊழியர்கள் சிலர் காசு வாங்கிக்கொண்டு வெற்றுக் கொம்பனியளுக்குக் கணக்கும் ஏ.ரி.எம். அட்டையும் எடுத்துக் குடுத்தவை. அந்த அட்டையால கொலம்பியாவில காசு எடுத்தவை. அட்டைதான் கழுவிற இயந்திரம்.

இதை ஏன் யாழ்ப்பாணத்தில சொல்ல வேணும் எண்டால், இஞ்ச "கணக்கு வாடகைக்கு" எண்டு ஒண்டு தொடங்கியிருக்கு. முறை இதுதான். வட்ஸ்அப்பிலயோ டெலிகிராமிலயோ வேலை எண்டு வரும். புதுக் கணக்கு ஒண்டு திறக்கச் சொல்லுவினம், புதுச் சிம் ஒண்டும். அட்டை, இரகசிய இலக்கம், இணைய வங்கிக் கடவுச்சொல், சிம் எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு மாசம் சில ஆயிரம் தருவினம். ஆரோ ஒரு ஏமாந்த மனுசியின்ர காசு அந்தக் கணக்குக்கு வரும், பத்து நிமிஷத்தில வேறை ஊர் மெசினில எடுபடும். ஏமாந்த மனுசி முறைப்பாடு குடுத்தால் முதல் நிக்கிற பேர் உங்கட பொடியன்ரது. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டத்தில சிறை 5 தொடக்கம் 20 வருஷம். "எனக்குத் தெரியாது" எண்டது, அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் சேர்த்துக் குடுத்த ஆளின்ர வாயில எடுபடாது.

கணக்குப்பிள்ளை, 2025 ஜூலை 1

திரும்ப மேல போய் முதல் பதிவை வாசிச்சன். வங்கியளுக்குக் கொஞ்சம் பாவம் பாத்துப்போட்டன் போல. மானிப்பாயான் சொன்ன அநியாயம் ஒண்டை நான் சுத்திப்போட்டன்.

2012 டிசம்பரில பிரிட்டன் வங்கி எச்.எஸ்.பி.சி. அமெரிக்காவுக்கு 1.9 பில்லியன் டொலர் கட்டிச்சு. மெக்சிக்கோ, கொலம்பியாப் போதைவஸ்துக் கும்பல்களின்ர குறைஞ்சது 881 மில்லியன் டொலர் அதுக்குள்ளால போயிருக்கு. மெக்சிக்கோக் கிளையளில கவுண்டர் யன்னல் அளவுக்குப் பெட்டி செய்து காசைக் கொண்டுவந்தவை. பெட்டி செய்தவன் அளவெடுத்திருக்கிறான், யன்னலுக்குப் பின்னால இருந்தவன் அதைக் காணேல்லையாம். வழக்கை நடத்தாமல் ஒத்திவைச்ச ஒப்பந்தம், அதிகாரி ஒருத்தரும் சிறைக்குப் போகேல்லை. தண்டத்தைக் கட்டினது பங்குதாரர். வழக்குப் போட்டால் வங்கி விழுந்து உலகச் சந்தை குழம்பும் எண்டு பயந்தவை. உங்கட 12 லட்சத்தை மறுத்தால் எந்தச் சந்தையும் குழம்பாது. ஆகவே உங்கட கோபத்தில நியாயம் இருக்கு. முதல் நாள் "பாதி" எண்டு போட்டன், இப்ப முக்கால் எண்டு போடுறன்.

அடுத்த அநியாயம், தண்டத்துக்குப் பயந்த பெரிய வங்கியள் திருந்திறதுக்குப் பதிலா சின்ன நாடுகளைக் கழட்டி விடுறது. இஞ்ச இருந்து போற டொலர் அனேகமா எல்லாம் நியூயோர்க்கில ஒரு இடைவங்கிக் கணக்குக்குள்ளால போக வேணும். காசு கழுவுறதைத் தடுக்கிறதில நாடுகளைக் கண்காணிக்கிற சர்வதேச நிதி நடவடிக்கைச் செயலணியின்ர சாம்பல் பட்டியலில (தடுப்பு ஏற்பாடு பலவீனமான நாடுகளின்ர பட்டியல்) நாடு விழுந்தால் (நாங்கள் 2017இல விழுந்து 2019 ஒக்டோபரில வெளிய வந்தனாங்கள்) அந்த இடைவங்கி ஒவ்வொரு காசுக்கும் கூடக் கேள்வி கேக்கும், இல்லாட்டிக் கணக்கையே மூடும். அதுதான் உங்கட கவுண்டரில வந்து இறங்கிற கேள்வி. தலினில கேக்காமல் விட்டதை மானிப்பாயில கேக்கினம்.

மானிப்பாயான், 2025 ஜூலை 2

முக்காலுக்கு நன்றி. இப்ப என்ன கொண்டுபோறது எண்டு சொல்லுங்கோ, பெரியப்பாவும் ஒரு துண்டுக் காணி விக்கப்போறார், வாங்கிற ஆள் லண்டன்.

கணக்குப்பிள்ளை, 2025 ஜூலை 2

காசாக் கையில வாங்காதேங்கோ எண்டு பெரியப்பாவிட்டச் சொல்லுங்கோ. லண்டன்காரர் வங்கியால அனுப்பட்டும். அனுப்பினதுக்குச் சுவிஃப்ட் பிரதி ஒண்டு கிடைக்கும், அதில அனுப்பினவர் பேர், தொகை, நோக்கம் இருக்கும். நோக்கத்தில "காணி" எண்டு போடச் சொல்லுங்கோ, "குடும்பச் செலவு" எண்டு போட்டால் பிறகு உறுதியோட பொருந்தாது. நொத்தாரிசின்ர உறுதிப் பிரதி, அடையாள அட்டை, சுவிஃப்ட் பிரதி மூண்டையும் ஒரு கோப்பில. உறுதியில முத்திரைக் கட்டணத்துக்காகத் தொகையைக் குறைச்சு எழுதிறது எங்கட ஊர் வழக்கம். அதைச் செய்தால் 40 லட்சம் வந்து 15 லட்சத்துக்கு உறுதி காட்டுவியள், மிச்சம் 25க்கு என்ன சொல்லுறது? கன பேர் மாட்டிறது அந்த இடத்திலதான், கள்ளக் காசில இல்லை. வங்கி தன்ர பிரதியைக் குறைஞ்சது 6 வருஷம் வைச்சிருக்க வேணும், நீங்களும் அவ்வளவு காலம் வைச்சிருங்கோ.

ஏற்கெனவே போட்ட 12 லட்சத்துக்கு ஒண்டும் செய்ய வேண்டாம்.

மானிப்பாயான், 2025 ஜூலை 2

என்னைப் பற்றிச் சந்தேக அறிக்கை எழுதினவையோ எண்டு அந்தக் கவுண்டர்ப் பிள்ளையைக் கேக்கலாமோ?

கணக்குப்பிள்ளை, 2025 ஜூலை 3

கேக்கலாம், அவ சொல்லமாட்டா. எழுதியிருந்தாலும் சொல்லக்கூடாது எண்டு சட்டம், எழுதாட்டியும் அதே முகம்தான். சிரிச்சால் அந்தச் சிரிப்புக்குக் கருத்துத் தேடிக்கொண்டிருக்காதேங்கோ.